சிவப்புப் பொடி

குள்ளம்மாளின் சாப்பாட்டுப் பையில், தூக்குவாளிக்கு அடியில் ஒரு பிளாஸ்டிக் பொட்டலம் இருந்தது. பிரித்தால் உள்ளே சிவப்புப் பொடி. மரிய ஆனந்த் ஒரு சிட்டிகை எடுத்து விரலால் தேய்த்துப் பார்த்தான்.

அதியமான்கோட்டைப் பக்கம் அவன் நடத்தும் பீங்கான் பட்டறையில், கோப்பைகளுக்குப் பளபளப்புக்காகப் பூசும் கிளேஸுக்கு நிறம் கொடுப்பதே இப்படியொரு சிவப்புப் பொடிதான். பெயர் அயர்ன் ஆக்சைடு. சூளையில் வெந்து வந்தால் சிவப்பு போய்க் கன்னங்கரேலென்று மின்னும். அந்தக் கறுப்பில் மயங்கித்தான் பெங்களூர் ஓட்டல் ஒன்று முந்நூறு கோப்பை கேட்டிருந்தது.

நேற்றுத் திறந்த சூளையில் முந்நூறும் வெளிறிய டீ நிறத்தில் பல்லை இளித்தன. பொடி குறைந்தால்தான் அப்படி வெளுக்கும். பதினைந்து நாளில் பழைய கறுப்பு வராவிட்டால் ஆர்டரும் போச்சு, பட்டறையையும் இழுத்து மூட வேண்டியதுதான்.

இத்தனைக்கும் கலவை அறைக்குப் போன வாரம்தான் பூட்டு போட்டிருந்தான். பக்குவம் வெளியே போய்விடுமோ என்று பயம். சாவி அவன் இடுப்பிலேயே கிடந்தது. அப்புறமும் எப்படிப் பொடி குறைந்தது என்பதுதான் அவனுக்குப் பிடிபடவில்லை.

அதனால்தான் இன்று காலை, பட்டறையின் ஒரே வேலையாளான குள்ளம்மாள் பொம்மிடி பஸ்ஸை விட்டு இறங்கி உள்ளே நுழைந்ததுமே, பொடி எதுவும் ஒட்டியிருக்கிறதா என்று பையை வாங்கிப் பார்த்தான்.

"அக்கா, உங்கள நம்பித்தான பட்டறையவே வுட்டிருந்தேன்? எத்தன நாளா நடக்குது இது?"

குள்ளம்மாள் தலையைக் குனிந்துகொண்டாள். "வேலைக்குச் சேந்த நாள்லருந்துங்க தம்பி."

அஞ்சு வருஷம்! அவன் பொட்டலத்தை மேஜைமேல் போட்டான். "உங்களுக்கு நான் என்னக்கா கொற வெச்சேன்?"

"கொறையெல்லாம் ஒண்ணும் இல்லீங்க. வூட்டு வாசப்படிக்கு அடிக்கிற காவிங்க அது. நீங்க நிறுத்துப் போடறது செவப்பே ஏறாம வெளுப்பா கெடக்குதேன்னு, நீங்க அந்தாண்ட போனதும் கலவ டிரம்முல ரெண்டு கை போட்டுக் கலக்கி வுடுவேன்."

காவியின் சிவப்பும் அதே அயர்ன் ஆக்சைடுதான். மரிய ஆனந்த் பொட்டலத்தைப் பார்த்தான். பிறகு சுவரோரம் அடுக்கியிருந்த முந்நூறு கோப்பைகளையும் பார்த்தான்.

"கோவிச்சுக்காதீங்க தம்பி. நீங்க பூட்டு போட்டதுலருந்து பொட்டலம் பையிலயே கெடக்குது, நான் போடவே இல்லீங்க."