பக்கத்து இருக்கை

புதுப் பாலிசி எடுத்த நாளிலிருந்து, ஒவ்வொரு முறை உடுமலையைத் தாண்டியதும் நந்தகோபாலின் வேனில் காப்பீட்டுக்காரர்கள் பொருத்திய கருவியில் சிவப்பு விளக்கு எரிந்தது. அது எரியும் நேரமெல்லாம் வண்டிக்குக் காப்பீடு கிடையாது. இன்னும் ஒரு முறை எரிந்தால் பாலிசியே ரத்தாகிவிடும். பாலிசி இல்லாத வேனுக்கு யாரும் தேங்காய் லோடு தரமாட்டார்கள். காரணம் பிடிபடாமல் காப்பீட்டு அலுவலகத்துக்குப் போன் செய்தான்.

“ஓட்டறப்ப போன் பேசறீங்கண்ணா. வண்டியில இல்லாதவங்ககிட்டப் பேசினா காப்பீடு நின்னுடும்னு பாலிசியிலயே போட்டிருக்கு,” என்றாள் அங்கிருந்த பெண்.

“நான் போனைத் தொடறதே இல்லீங்க.”

“அப்புறம் ‘கௌசி, வெயிலைப் பாத்தியா’ன்னு யாருகிட்டக் கேட்டீங்க? வண்டியில இருக்கற மைக்குல பதிவாயிருக்கே.””

“என் சம்சாரமுங்க. தவறிப்போயி ஆறு மாசமாச்சு. எப்பவும் லோடுக்குக் கூடவே வருவா.”

அவள் குரலைத் தாழ்த்தினாள். “பக்கத்து சீட்ல இருக்கறவங்ககிட்டப் பேசலாமுங்கண்ணா. ஆளு இருக்காங்களான்னு வண்டி எடையை வெச்சுத்தான் பாக்கும். அக்கா எத்தனை கிலோ?”

“அம்பத்திரெண்டுங்க.”

மறுநாள் பக்கத்து இருக்கையில் ஐம்பத்திரண்டு கிலோ தேங்காய் மூட்டையை ஏற்றி, அதற்கு பெல்ட் போட்டுவிட்டுப் பேசிக்கொண்டே ஓட்டினான். பொள்ளாச்சி வரை விளக்கு எரியவில்லை.