சொன்ன விலை

"திரும்ப விளையாட ஆறு மாசம் ஆகும்மா" என்றார் டாக்டர்.

புசான் சந்தையில் முப்பது வருடமாக மீன் விற்கும் மல்சுன், அறுவை சிகிச்சையில் மாற்றிய புது இடுப்பைத் தடவிக்கொண்டாள்.

"மூணு?"

"இடுப்பு என்ன கானாங்கெளுத்தியா, பேரம் பேச? ஆறுதான்."

"நாலுன்னு முடிங்க. அப்பதான் பேட்மிண்டன் போட்டி. எட்டு வருஷமா என்கூட ஜோடியா ஆடுற மனுஷன், வேற ஆளைச் சேர்த்துக்கிட்டா?" சுவரைப் பார்த்தபடி கேட்டாள்.

"சேர்த்துக்க மாட்டாரு."

"எழுதித் தரச் சொல்லுங்க."

டாக்டர் மருந்துச் சீட்டை இழுத்து எழுதினார்: 'இந்த வருடம் நானும் போட்டியில் இறங்கவில்லை. அடுத்த வருடம் அக்காவோடுதான்.' கீழே 'உங்கள் ஜோடி' என்று கையெழுத்தும் போட்டார்.

மல்சுன் சீட்டை மடித்து மடியில் வைத்துக்கொண்டாள்.

"சரி, ஆறு."

வாழ்க்கையில் முதல் தடவையாகச் சொன்ன விலைக்கே ஒத்துக்கொண்டாள்.