மிஞ்சிய எண்ணெய்

"மாஸ்க்கைக் கழட்டும்மா" என்றார் டாக்டர்.

மகள் அம்மாவைப் பார்த்தாள். பிறகு சுவரைப் பார்த்துக்கொண்டு, ஒரு காதிலிருந்து மட்டும் கழற்றினாள்.

டாக்டர் விளக்கைக் கிட்டே இழுத்தார்.

அவள் தன் மகளின் முகத்தை வெளிச்சத்தில் முழுதாகப் பார்த்து ஏழு மாதம் ஆகியிருந்தது. இத்தனைக்கும் ஒரே வீட்டில்தான் இருக்கிறார்கள்.

நெற்றி நிறையப் பரு. இரண்டு கன்னத்திலும் பரு. சில பழுத்திருந்தன. சில கறுத்துக் குழியாகியிருந்தன.

டாக்டர் கேட்டதெல்லாம் மகள் ஜெனிஷாவிடம். பதில் சொன்னதெல்லாம் அம்மா.

"சாக்லேட்டா தின்பா டாக்டர். பொரிச்சதுன்னா உயிரு. எந்நேரமும் போனு. கையும் சும்மா இருக்காது, கிள்ளிக்கிட்டே இருப்பா. நானும் கடலைமாவு, எலுமிச்சம்பழம்னு தேய்க்கச் சொல்லிக் குடுக்காத சாமான் இல்ல."

மகள்மேல் குற்றப்பத்திரிகை. ஏழு மாதமாக மனப்பாடம்.

"இந்த வயசுல வர்றதுதாம்மா. உள்ள எண்ணெய் ஜாஸ்தியா சுரக்கும். தோல்ல இருக்கிற துவாரம் அடைச்சுக்கும். அழுக்குன்னு நெனச்சுத் தேய்ச்சா இன்னும் கூடத்தான் செய்யும். எலுமிச்சம்பழத்த நீங்க ரசத்துக்கு வச்சுக்கங்க."

மகளின் உதட்டோரம் அசைந்தது. சிரிப்புதான். அதையும் பார்த்து நாளாகிவிட்டது.

டாக்டர் விரலால் காற்றில் ஒரு கோடு போட்டார். நெற்றி. இந்தக் கன்னம். அந்தக் கன்னம். தாடையில் ஒரு பருகூட இல்லை.

"தலைக்கு எண்ணெய் வச்சிட்டு, மிச்சத்த முகத்துல தடவுற பழக்கம் உண்டா?"

அம்மா தன் உள்ளங்கையைப் பார்த்தாள்.

தினமும் காலையில் மகள் முதுகைக் காட்டித் தரையில் உட்காருவாள். அம்மா உள்ளங்கை நிறையத் தேங்காய் எண்ணெயை ஊற்றி உச்சியில் வைத்துத் தேய்ப்பாள். கையில் மிஞ்சியது முதலில் நெற்றிக்கு. பிறகு இந்தக் கன்னம். பிறகு அந்தக் கன்னம். மூன்று வயதிலிருந்து இதே வரிசை. மகள் கண்ணை மூடிக்கொண்டு முகத்தை லேசாகத் தூக்கிக் கொடுப்பாள்.

பின்னாலிருந்து தடவுவதால் முகம் தெரியாது. பருக்கள் கையில் தட்டுப்படும்.

தட்டுப்படும்போதெல்லாம், "நேத்து என்னத்தத் தின்ன?" என்று ஒரு கேள்வி.

"யாரு தடவி விடுறது?" என்றார் டாக்டர்.

அம்மா வாயைத் திறந்தாள்.

"நானேதான் டாக்டர்" என்றாள் மகள்.

திட்டும் மகளுக்குத்தான் விழுந்தது. படிக்கிற பிள்ளைக்கு இதுகூடத் தெரியாதா என்றார் டாக்டர். எண்ணெய்க் கை இனி முகத்துக்குப் போகக் கூடாது. கழுவாத கையால் தொடவே கூடாது. கிள்ளக் கூடாது. களிம்பைப் படுக்கப் போகும்போது கொஞ்சமாகப் பூச வேண்டும். பொறுமையாக இருந்தால் இரண்டு மூன்று மாதத்தில் குறையும். குழி விழுந்தது மட்டும் சீக்கிரம் போகாது.

மகள் ஒவ்வொன்றுக்கும் தலையாட்டினாள்.

அம்மா கைப்பையின் ஜிப்பைத் திறந்து திறந்து மூடிக்கொண்டிருந்தாள். நான்தான் என்று சொல்ல எவ்வளவு நேரம் ஆகும்? சொல்லவில்லை.

ஏழு மாதம் முன்பு அண்ணன் மகள் நிச்சயதார்த்தத்தில் எல்லோரும் போட்டோவுக்கு நின்றபோது, "நீ கொஞ்சம் பின்னாடி நில்லு மக்களே, முகம் இப்படி இருக்கு" என்று சொல்ல மட்டும் இந்த வாய்க்கு நேரமே ஆகவில்லை.

அன்றைக்கு மகள் மாட்டிய மாஸ்க். வீட்டிலும் கழற்றுவதில்லை. சாப்பிடும்போது சுவர் பக்கம் திரும்பிக்கொள்வாள். காலையில் எண்ணெய் வைக்கும் அந்த இரண்டு நிமிடம்தான் மாஸ்க் கழுத்துக்கு இறங்கும்.

பாவி வாய். வேண்டாத இடத்தில் ஓடுகிறது, வேண்டிய இடத்தில் படுத்துக்கொள்கிறது.



மறுநாள் காலை அம்மா எண்ணெய்ப் பாட்டிலை எடுக்கவில்லை. சீப்போடு வந்து உட்கார்ந்தாள்.

மகள் வழக்கம்போல முதுகைக் காட்டி உட்கார்ந்தாள். மாஸ்க்கைக் கழுத்துக்கு இறக்கினாள். முகத்தை லேசாகத் தூக்கினாள்.

"கூடாதுன்னாங்கல்லா மக்களே."

தூக்கிய முகம் இறங்கியது.

"எனக்குத் தெரியும்மா. ஆறு மாசம் முன்னாடியே போன்ல பாத்தேன்."

"பின்ன எங்கிட்ட ஒரு வார்த்த சொல்லப்பிடாதா?"

தெருவில் பள்ளி வேன் ஒன்று ஹாரன் அடித்துவிட்டுப் போனது.

"சொன்னா, தொடுறதையும் விட்டிருவ."

அவள் சீப்பைக் கீழே வைத்தாள். எழுந்துபோய்ச் சமையலறைக் குழாயில் சோப்புப் போட்டுக் கையைக் கழுவினாள். நகக்கண் வரை தேய்த்தாள். துண்டில் துடைத்துவிட்டு முகர்ந்து பார்த்தாள். எண்ணெய் வாசம் இன்னும் இருப்பதுபோல இருந்தது. மறுபடியும் கழுவினாள்.

மகள் அதே இடத்தில் கண்ணை மூடியபடி உட்கார்ந்திருந்தாள்.

அவள் இந்த முறை முன்னால் போய் உட்கார்ந்தாள்.