ஒற்றை இலை

வலிப்பு நோய்க்கு அரசு வீடு வீடாகக் கொடுத்த கஞ்சாச் செடியில் இலை ஒற்றையாகத்தான் இருக்கும். அப்படி வளர்த்தெடுத்த ரகம். இலை விரல் விரித்தால் போதைச் செடி என்று வானத்துக் கேமரா காட்டிக்கொடுத்துவிடும்.

அந்த ஒற்றை இலைச் சாறு ஒச்சம்மாள் மகள் தென்றலுக்குக் கேட்கவேயில்லை. பிறகு ஒரு கிளை மட்டும் பழைய குணத்துக்குத் திரும்பி ஐந்து விரல் விட்டது. அதன் சாறு உள்ளே போன பிறகுதான் பிள்ளைக்கு வலிப்பு நின்றது. அன்றிலிருந்து விடிந்ததும் கத்தரிக்கோலோடு உட்கார்ந்து, ஒவ்வொரு இலையிலும் நடு விரலை மட்டும் விட்டு மற்றதை நறுக்கிவிடுவாள் ஒச்சம்மாள்.

இன்று தென்றலுக்கு முதன்முதலாகப் பள்ளிக்கூடம். தலை பின்னி, பூ வைத்து, வகுப்பு வரைக்கும் கொண்டுபோய் விட்ட பூரிப்பில் கத்தரிக்கோல் மறந்துபோனது. அவள் திரும்பி வந்தபோது ஆய்வாளர் செடியை வேரோடு பிடுங்கிக்கொண்டிருந்தார்.

"சார், எம்புள்ளைக்கு அதுதான் சார் மருந்து!"

"இருக்கலாம்மா. கேமராவுக்கு இலை மட்டுந்தான தெரியுது?" என்றவர், புதிய ஒற்றை இலை நாற்று ஒன்றைத் தொட்டியில் ஊன்றிவிட்டுப் போனார்.

சாயங்காலம் தென்றல் துள்ளிக்கொண்டு வந்தாள்.

"நாளைக்கும் வருவேன்னு டீச்சர்கிட்ட சொல்லிட்டேம்மா!"