வெந்நீருக்கு ஒரு நட்சத்திரம்

"யோவ் ஆர்செசியோ! வெளிய வாய்யா!"

நூபியா கதவைத் தட்டிய தட்டில் தெருநாய்கள் எல்லாம் குரைக்க ஆரம்பித்தன. ஒரு கையில் போன். இன்னொரு கையில், பக்கத்து வீட்டு எதில்மா. சாட்சிக்காக இழுத்து வந்திருந்தாள்.

கதவு திறந்தது. முதியோர் இல்லத்தில் சமையல் வேலை பார்க்கும் ஆர்செசியோ, வேலைக்குக் கிளம்பிய கோலத்தில் நின்றார்.

"இது நீ எழுதினதுதானே? 'வாசனையும் இல்லை, ருசியும் இல்லை. வெந்நீர் குடிச்ச மாதிரி இருக்கு.' ஒரே ஒரு நட்சத்திரம்! என் காப்பித்தூளுக்கு!"

"ஆமா. அப்படித்தான் இருந்துச்சு."

"மத்த நாற்பத்தாறு பேருக்கு மூக்கே இல்லையா? அத்தனை பேரும் அஞ்சு போட்டிருக்காங்க. இதைப் படிச்சா வெளியூர்க்காரன் எவன் வாங்குவான்? என் பொழப்புல மண்ணள்ளிப் போட்டுட்டியேய்யா!"

அந்த மலையூரில் அது ஒரு வழக்கம். சோளரொட்டி, செருப்பு, சோப்பு என்று தெரிந்தவர் எதை இணையத்தில் விற்றாலும் சரி, கண்ணை மூடிக்கொண்டு ஐந்து நட்சத்திரம். எதிரே வருகிறவருக்கு வணக்கம் சொல்கிற மாதிரி. நூபியாவும் ஊருக்கெல்லாம் அப்படித்தான் வாரி வழங்கியிருந்தாள்.

"நீ எழுதினதைச் சொல்லுடி, எதில்மா!"

"அருமையான காப்பி. தெருவே மணக்குது" என்றாள் எதில்மா, தரையைப் பார்த்துக்கொண்டு.

"கேட்டியா?"

"நான் சமையல்காரன். நாக்குல பட்டதைத்தான் சொல்வேன்" என்றார் ஆர்செசியோ. "தள்ளும்மா, வேலைக்கு நேரமாச்சு."

அப்போதுதான் மோட்டார் சைக்கிள் ஒன்று சர்ரென்று வந்து நின்றது. சுகாதார நிலையத்து நர்ஸ் மார்லெனி. மூக்கையும் வாயையும் மூடிய முகக்கவசம்.

"ஐயா, படி இறங்காதீங்க! நூபியா அக்கா, பின்னால போங்க!"

"நீ எங்கடி வந்தே நடுவுல?"

"அந்த ஒத்தை நட்சத்திரத்தைப் பார்த்துட்டுத்தான் வர்றேன். காப்பித்தூள் வாங்கலாம்னு போனைத் திறந்தேன். படிச்சதும் பகீர்னுச்சு. இந்தத் தொத்துக் காலத்துல மூக்கும் நாக்கும் செத்துப்போச்சுன்னா என்ன அர்த்தம்? ஐயா, இல்லத்துல கடைசியா எப்போ சமைச்சீங்க?"

"பத்து நாள் லீவும்மா. தங்கச்சி ஊருக்குப் போயிட்டு நேத்துதான் வந்தேன். இன்னிக்குத்தான்..."

மார்லெனி அவர் மூக்கில் குச்சியை விட்டுச் சோதித்தாள். முடிவுக்காகக் கால் மணி நேரம் காத்திருந்தார்கள்.

இரண்டு கோடு. தொத்து உறுதி.

"ஐயோ கடவுளே!" ஆர்செசியோ தலையில் கை வைத்துக்கொண்டார். "அங்க முப்பத்திரண்டு பெரியவங்க. இன்னும் அரை மணியில அவங்களுக்கு என் கையால சூப் ஊத்தியிருப்பேனே!"

அந்த முப்பத்திரண்டு பேரில் நூபியாவின் அப்பாவும் ஒருவர். நெஞ்சுச் சளி வந்தாலே மூச்சு முட்டுகிற மனுஷன்.

மார்லெனி மெல்ல எதில்மா பக்கம் திரும்பினாள்.

"அக்கா, தெருவே மணக்குதுன்னு எப்போ எழுதினீங்க?"

"முந்தாநாள்."

"நிஜமாவே மணந்துச்சா?"

எதில்மாவின் முகம் சிவந்தது. "நாலு நாளா எனக்கு எதுவுமே மணக்கலை. அதுக்காக, பக்கத்து வீட்டுக்காரிக்கு அப்படியா எழுதறது?"

அவளுக்கும் இரண்டு கோடு. நூபியாவுக்கு மட்டும், நல்லவேளை, ஒன்று.

மார்லெனி ஐந்து நட்சத்திரம் போட்டவர்களின் வீடு வீடாகப் போய்ச் சோதித்தாள். மணம் தெரியாமலே 'மணக்குது' என்று எழுதியவர்கள் இன்னும் ஐந்து பேர் அகப்பட்டார்கள்.

மூன்று வாரத்தில் எல்லாரும் எழுந்து நடமாடினார்கள். இல்லத்தில் ஒருவர்கூட இருமவில்லை. ஜன்னல் வழியே அப்பா கையசைத்ததைப் பார்த்த பிறகுதான் நூபியாவுக்கு மூச்சே வந்தது. அப்பாடா! காப்பித்தூள் மேலயும் தப்பில்லை!

புதுசாக வறுத்து அரைத்த தூளை ஒரு பை நிறையக் கொண்டுபோய் ஆர்செசியோவிடம் கொடுத்தாள்.

"எங்கப்பாவைக் காப்பாத்தினீங்கய்யா. உங்க மேல சத்தம் போட்டதை மன்னிச்சிடுங்க. இப்ப குடிச்சுப் பார்த்து எழுதுங்க."

அன்று சாயங்காலமே எழுதிவிட்டார். இரண்டு நட்சத்திரம்.

'மூக்கு திரும்பிடுச்சு. தூள் தீய்ஞ்சிருக்கு. வறுக்கும்போது சீக்கிரம் இறக்கவும்.'

நூபியா போனைத் தூக்கிக்கொண்டு எதில்மா வீட்டுக்கு ஓடினாள்.

"பாருடி அநியாயத்தை! தீய்ஞ்சிருக்காமே?"

எதில்மா போனை வாங்கிப் படித்தாள்.

"முதல் பையிலயிருந்தே அப்படித்தானடி" என்றாள். "உன் மூஞ்சியைப் பார்த்து யாரு சொல்றது?"