காற்றுதான் மணி அடித்தது

“அழி ஸம்பேதா. என் கண் முன்னாடியே எல்லாத்தையும் அழி” என்றான் லாம்ப்ரோஸ்.

அந்த மலையூருக்கு இருந்த ஒரே போலீஸ்காரன் அவன். தேவாலயத்தைக் கூட்டிப் பெருக்கும் ஸம்பேதா அவனோடு பள்ளியில் படித்தவள். யாரும் கயிறு இழுக்காமலே கோபுரத்து மணி அடிப்பதை அவள் ஏழெட்டு முறை படமெடுத்து ஃபேஸ்புக்கில் போட்டுவிட்டாள். ‘மலை நகருது, ஊரைக் காலி பண்ணுங்க’ என்று எழுதியும் வைத்தாள். பாதி ஊர் மூட்டை கட்டிக் கீழே இறங்கிவிட்டது. ஈஸ்டருக்கு நிரம்பி வழியும் விடுதிகளெல்லாம் காலி. மேயர் புகார் கொடுத்துவிட்டார்; அதனால்தான் லாம்ப்ரோஸ் அவள் வீட்டுக்கே வந்திருந்தான்.

“கண்ணால பாத்ததைச் சொல்றதுக்குமா கேஸு?”

“பாத்ததைச் சொல்லு, யாரு வேண்டாங்கிறா? பீதியக் கெளப்பினா ஜெயிலு. சட்டம் அப்படித்தான்.”

“நான் உள்ள போயிட்டா, படுத்த படுக்கையா கெடக்கிற எங்கம்மாவ நீயா பாத்துப்ப?”

“அதுக்குத்தான் சொல்றேன். அழிச்சிட்டு, நான் சொல்றதப் போடு.”

மேலே மணி ஒரு தடவை அடித்து ஓய்ந்தது.

“காத்து” என்றான் அவன்.

ஜன்னலுக்கு வெளியே கொடியில் கிடந்த துணி ஆடவே இல்லை. ஸம்பேதா அவனை உற்றுப் பார்த்தாள்.

“வந்ததிலேர்ந்து மலைப் பக்கமே திரும்ப மாட்டேங்கிறியே, ஏன்டா?”

“வளவளன்னு பேசாத. எழுது.”

அவன் சொல்லச் சொல்ல எழுதினாள். ‘நான் போட்டதெல்லாம் பொய். மலைக்கு ஒன்றும் இல்லை. பயப்படாமல் வீடு திரும்புங்கள்.’

அவன் பெருமூச்சு விட்டு நாற்காலியில் சாய்ந்தான். “ஒரு காபி போடு. காலையிலேர்ந்து பச்சத் தண்ணி பல்லுல படல.”

“ஏன், வீட்ல உன் பொண்டாட்டி ரூலா இல்லையா?”

“கீழ அவ அக்கா வீட்டுக்குப் போயிருக்கா.”

காபி குடித்து, வாக்குமூலம் எழுதி, கையெழுத்து வாங்க ஒரு மணி நேரம் ஓடிவிட்டது. ஊரில் ஒரு நாய் கூடக் குரைக்கவில்லை. அவள் போனில் மட்டும் பதில்கள் வந்துகொண்டே இருந்தன.

“பாத்தியா? எல்லாரும் கெளம்பி வராங்களாம்” என்றாள். போனை அவன் பக்கம் தள்ளினாள்.

“வரட்டும். மேயர் குளிர்ந்துடுவார்.”

மணி மறுபடி அடித்தது. மேசை மேலிருந்த காலிக் கோப்பை தட்டில் கடகடவென்று நடுங்கியது. இந்த முறை அவன் காற்றென்று சொல்லவில்லை.

அவன் போன் ஒலித்தது. எடுத்ததுமே ரூலாவின் குரல் அந்த அறை முழுக்கக் கேட்டது.

“ஏங்க, மலை சரியப் போகுது, யார்கிட்டயும் சொல்லாம பிள்ளைங்களக் கூட்டிட்டு ஓடுன்னு என்னை விரட்டினீங்களே, இப்ப அந்த ஸம்பேதாவே பொய்யின்னு போட்டுட்டா. ஈஸ்டர் முட்டைக்குச் சிவப்புச் சாயம்கூட வாங்கிட்டேன். கோயிலுக்குக் கீழ ரோட்டு வளைவுக்கு வந்துட்டோம்.”

லாம்ப்ரோஸ் அப்போதுதான் மலையைத் திரும்பிப் பார்த்தான். மணி அடிக்கத் தொடங்கியது, பிறகு நிற்கவே இல்லை.