மாமியார் விலை

“எட்டு லட்சத்து நாற்பதாயிரமா? இன்னொரு தடவை சொல்லு, காதுல சரியா விழட்டும்” என்றாள் பட்டுப்புடவை அம்மாள்.

டை கட்டிய விற்பனைக்காரர் இன்னொரு தடவை சொன்னார். இந்தத் தடவை குரல் கொஞ்சம் இறங்கியிருந்தது. விலை இறங்கவில்லை.

கார் ஷோரூமின் கண்ணாடிக் கதவைத் தள்ளிக்கொண்டு மூவரும் வந்து கால் மணி நேரம்கூட ஆகவில்லை. முன்னால் கணவன், அவன் முதுகை ஒட்டி மனைவி, கடைசியாக அம்மாள். வெளியே மழை பிடித்துக்கொண்டிருந்தது. அம்மாள் கொசுவத்தைத் தூக்கிப் பிடித்தபடி நேராகப் போய்ச் சுழல் நாற்காலியில் உட்கார்ந்தாள்.

“ஏசியைக் குறைப்பா, குளிருது.”

டைக்காரர் ஓடிப்போய்க் குறைத்தார். கணவனும் மனைவியும் எதிரே இருந்த ஸ்டூல்களின் நுனியில் உட்கார்ந்தார்கள்.

கணவனிடம் இருந்தது ஏழே முக்கால் லட்சம். இரண்டு பிள்ளைகளோடு நாலு பேரும் ஒரே ஸ்கூட்டரில் போகிற குடும்பம். பெரியவள் வளர்ந்துகொண்டே போனாள், ஸ்கூட்டர் வளரவில்லை. ஏழே முக்காலுக்கு மேல் போனால் மனைவியின் வளையல் போகும் என்று வீட்டிலேயே முடிவாகியிருந்தது. கணவனோ, பழைய பேப்பர்காரனுக்குப் பேப்பரையும் போட்டு, மேலே பத்து ரூபாயும் கொடுத்து அனுப்பிய மகானுபாவன்.

அம்மாள் எழுந்து காரை ஒரு சுற்றுச் சுற்றினாள். பின் சக்கரத்துப் பக்கம் குனிந்தாள்.

“இது எப்ப வந்த வண்டி?”

“புத்தம் புதுசும்மா. இப்பத்தான் வந்து இறங்குச்சு.”

“சக்கரத்துல எட்டுக்கால் பூச்சி வலை கட்டிக் குடித்தனம் நடத்துது. பேரன் பேத்தியே எடுத்தாச்சு போல. அதுங்க எப்ப இறங்குச்சாம்?”

டைக்காரர் மாடியில் இருந்த மேனேஜரிடம் ஓடினார். திரும்பி வந்து இருபதாயிரம் குறைத்தார்.

“பாவம், அவரும் பொழைக்கணும்ல...” என்று கணவன் ஆரம்பித்தான். மனைவி அவன் தொடையில் கிள்ளினாள்.

“சும்மா இருங்க. அவங்களே குறைக்கச் சொல்றாங்க. நீங்க பேசிக் கெடுத்துடாதீங்க.”

காபி வந்தது. அம்மாள் ஒரு வாய் குடித்தாள். “இந்தத் தண்ணிக்கும் சேர்த்துத்தான் எட்டு இருபதா?” என்றாள். வாசலைப் பார்த்தாள். மழை வலுத்திருந்தது. விலைப்பட்டியலைக் கையில் எடுத்தாள்.

“அது என்னப்பா, ஹேண்ட்லிங் சார்ஜ்?”

“கிடங்குலேர்ந்து இங்க கொண்டு வர்ற செலவும்மா.”

“ஓட்டிட்டு வந்தீங்களா, தலையில தூக்கிட்டு வந்தீங்களா?”

“ஓட்டிட்டுத்தாம்மா.”

“தூக்கிட்டு வந்திருந்தா கேட்கலாம், நியாயம். அடிச்சுடு. வாங்கறவங்க வயித்தெரிச்சலைக் கொட்டிக்காதே.”

அடித்தார். மறுபடி மாடிக்குப் போய் அதற்கும் அனுமதி வாங்கி வந்தார்.

அம்மாள் வாசலைப் பார்த்தாள். மழை விடவில்லை. இன்சூரன்ஸில் கை வைத்தாள். மறுபடி பார்த்தாள். அப்போதும் விடவில்லை. சீட் கவரும் மிதியடியும் இலவசம் ஆயின.

மூன்றாவது தடவை மாடி ஏறியபோது டைக்காரரின் டை முதுகுப் பக்கம் போயிருந்தது.

“சார், மாமியாரைக் கூட்டிட்டு வந்துட்டாங்க சார். அந்தம்மா விடற மாதிரி தெரியல.”

மேனேஜர் கண்ணாடி வழியாகக் கீழே எட்டிப் பார்த்தார். அதே நேரத்தில் அம்மாளும் நிமிர்ந்து பார்த்தாள். மேனேஜர் இரண்டடி பின்வாங்கினார்.

“மாசக் கடைசி, டார்கெட்டுக்கு ஒரு வண்டி குறையுது. கேட்ட விலைக்குக் குடுத்து அனுப்பிடுய்யா. விட்டா உன்னையும் என்னையும் சேர்த்து இலவசமா கேட்பாங்க.”

ஏழு லட்சத்து அறுபத்தெட்டாயிரத்தில் விலை முடிந்தது. டேங்க் நிறையப் பெட்ரோல் வேறு.

அம்மாள் இன்னும் எதற்கோ வாயைத் திறந்தாள். பிறகு வாசலைப் பார்த்தாள். தெருவில் வெளிச்சம் வந்திருந்தது.

“சரி, போதும். முடிச்சுக்குங்க” என்று எழுந்துவிட்டாள்.

கணவன் கையெழுத்துப் போட்டான். முன்பணம் போயிற்று, ரசீது வந்தது. மனைவி வளையல்களை ஒரு தடவை குலுக்கிப் பார்த்துக்கொண்டாள்.

டைக்காரர் முகத்தைத் துடைத்துக்கொண்டு கணவனின் காதருகே குனிந்தார்.

“தப்பா நினைக்காதீங்க சார். உங்க மாமியார் மாதிரி ஒருத்தரை நான் பார்த்ததே இல்ல.”

“என் மாமியாரா? அவங்க வீட்டுல பசங்களைப் பார்த்துக்கிட்டு இருக்காங்க. இவங்க உங்க முதலாளியோட அம்மா இல்லையா?”

“எங்க முதலாளிக்கே எழுபது வயசு சார்!”

“வந்ததுமே அந்த நாற்காலியில உட்கார்ந்து ஏசியைக் குறைக்கச் சொன்னாங்க. நீங்களும் ஓடிப்போய்க் குறைச்சீங்களே?” என்றாள் மனைவி.

மூன்று பேரும் ஒன்றாகத் திரும்பினார்கள். அம்மாள் கண்ணாடிக் கதவைத் திறந்து, உள்ளங்கையை வெளியே நீட்டிப் பார்த்துக்கொண்டிருந்தாள்.

“அம்மா... நீங்க யாரும்மா?” டைக்காரரின் குரல் கீச்சிட்டது.

“நானா?” தூக்கிப் பிடித்திருந்த கொசுவத்தை இறக்கிவிட்டுக்கொண்டாள் அம்மாள். “மழைக்கு ஒதுங்கினேன்ப்பா.”